டேக் நடுவே மூடிக்கொண்ட மென்பொருள்: மீட்டதும், காரணம் தேடியதும்

பாடகி இரண்டாவது சரணத்தின் கடைசி வரியில் இருந்தார். அதுவரை எடுத்த எட்டு டேக்கிலும் (ஒருமுறை பாடிப் பதிவு செய்வது ஒரு டேக்) பிடிபடாத ஒரு நெகிழ்ச்சி ஒன்பதாவதில் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் உதவியாளரும் நாற்காலி கிறீச்சிடுமோ என்று அசையாமல் இருந்தோம். அப்போது திரையில் இருந்த ரெக்கார்டிங் மென்பொருள் அப்படியே காணாமல் போனது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. வெறும் டெஸ்க்டாப் மட்டும் தெரிந்தது.

ஹெட்ஃபோனில் இசை நின்ற பிறகும் அவர் இரண்டு சொல் பாடிவிட்டுத்தான் நிறுத்தினார். "என்ன ஆச்சு? நான் ஏதாவது தப்பா பாடிட்டேனா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. மெஷின் செய்த தவறைப் பாடுகிறவர் தன்மேல் போட்டுக்கொள்ளும் நிலைமை ஒரு ஸ்டூடியோவில் வரக்கூடாது. உள்ளே இருப்பவரோடு பேச உதவும் டாக்பேக்கை அழுத்தி, "உங்க பக்கம் ஒண்ணுமே இல்லை. எங்க மெஷின் நின்னுடுச்சு. பதினஞ்சு நிமிஷம் கொடுங்க" என்றேன். மழுப்பாமல் உடனே உண்மையைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. அவர் வெளியே போய் உட்கார்ந்தார்.

உதவியாளர் அதற்குள் மென்பொருளை மறுபடி திறக்கக் கையை மவுஸுக்குக் கொண்டுபோனார். தடுத்தேன். பாதியில் விட்ட ரெக்கார்டிங் கோப்பை, திறக்கும்போது மென்பொருள் என்ன செய்யும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தானே சரிசெய்யலாம், அதே பெயரில் புதிதாக எழுதவும் செய்யலாம். முதலில் செஷன் ஃபோல்டரில், அதாவது அந்தப் பாட்டின் பதிவுகள் எல்லாம் இருக்கும் இடத்தில், இருந்த கடைசி வேவ் ஒலிக் கோப்பை வேறொரு டிஸ்கில் நகல் எடுத்தோம். நகலைத் திறந்து பார்த்த உதவியாளரின் முகம் வாடிவிட்டது. "அண்ணா, ஜீரோ செகண்டுன்னு காட்டுது."

நீளத்தை விட்டுவிட்டுக் கோப்பின் அளவைப் பார்க்கச் சொன்னேன். 3 கோடியே 9 லட்சத்து 60 ஆயிரம் பைட்டும் சொச்சமும். நாங்கள் பதிவு செய்வது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ. ஒலியை அளந்து எழுதும் ஒவ்வோர் எண்ணும் ஒரு சாம்பிள். ஒரு சாம்பிளுக்கு 3 பைட், நொடிக்கு 48,000 சாம்பிள், ஆக நொடிக்கு 1,44,000 பைட். வகுத்துப் பார்த்தால் 215 நொடி. அதாவது 3 நிமிடம் 35 நொடி. மென்பொருள் மூடிக்கொண்டது பாட்டின் 3:37 வாக்கில். கடைசி இரண்டு நொடி மட்டும் நினைவகத்திலிருந்து டிஸ்குக்குப் போகாமல் தொலைந்திருக்கிறது. மற்றதெல்லாம் அங்கேயே இருந்தது.

அப்புறம் ஏன் பூஜ்யம் காட்டுகிறது? வேவ் கோப்பின் தலைப்பகுதியில், இதற்குப் பின் இத்தனை பைட் ஒலி இருக்கிறது என்று ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். பதிவு தொடங்கும்போது நீளம் தெரியாது என்பதால் பல மென்பொருள்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஸ்டாப் அழுத்தியதும் நிரப்புகின்றன. ஸ்டாப் என்ற கட்டத்துக்கே போகாமல் மூடிக்கொண்டால் அந்த எண் நிரம்பாது. ஒலி முழுக்க உள்ளே இருந்தாலும் பிளேயர் தலைப்பை நம்பி, ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும்.

இதற்கு ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் ஒரு வழி இருக்கிறது. கோப்பைச் சாதாரணமாகத் திறக்காமல், இம்போர்ட் மெனுவில் உள்ள ரா டேட்டா வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும். அது தலைப்பைப் பார்க்காது, நாம் சொல்லும் வடிவத்தில் பைட்டுகளை வாசிக்கும். 24 பிட் பிசிஎம், லிட்டில் எண்டியன் (பைட்டுகளை அடுக்கும் வரிசை), ஒரு சேனல், 48000 என்று கொடுத்தோம். அதற்கு முன் ஸ்பீக்கரின் ஒலியளவை முழுக்க இறக்கிவிடுங்கள், இது முக்கியம். வடிவம் ஒரு பைட் பிசகினாலும் வருவது முழு வேகத்தில் அடிக்கும் இரைச்சல், காதுக்கும் ட்வீட்டருக்கும் ஆபத்து. எங்களுக்கும் முதல் முறை இரைச்சல்தான் வந்தது. ஒரு சாம்பிள் மூன்று பைட் என்பதால் தொடங்கும் இடம் மூன்று விதமாகத்தான் இருக்க முடியும். தொடக்க ஆஃப்செட்டை, அதாவது எத்தனை பைட் தள்ளித் தொடங்குவது என்பதை, 1 என்று மாற்றினோம், மறுபடி இரைச்சல். 2 என்று வைத்ததும் அலைவடிவம் ஒழுங்காக விரிந்தது. தலைப்பகுதியின் பைட்டுகள் ஆரம்பத்தில் ஒரு சின்ன ‘டிக்’ ஆக வந்தன, வெட்டி எறிந்தோம். அதற்கடுத்து மூச்சு, அதற்கடுத்து பல்லவி. குரல் பத்திரமாக இருந்தது.

தொலைந்த இரண்டு நொடிக்குள் கடைசிச் சொல்லும் போயிருந்தது. அதை ஏழாவது டேக்கிலிருந்து எடுத்து ஒட்டினேன். அன்றைய வேலை அதோடு முடிந்தது. அதன் பிறகு மூன்று வாரம் காரணத்தைத் தேடினேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த மூடல் திடீரென்று வந்த ஒன்று இல்லை. இரண்டு மாதமாகவே ஹெட்ஃபோனில் அவ்வப்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரே தடவையில் கையாளும் சாம்பிள் எண்ணிக்கையை, 128-லிருந்து 256-க்கு ஏற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். சத்தம் குறைந்ததும் மறந்துவிடுவோம். எதையும் எழுதி வைக்கவில்லை. அதனால் மேசையில் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்தேன். சத்தம் வந்தாலோ மென்பொருள் நின்றாலோ நேரம், பாட்டில் எந்த இடம், பஃபர் எவ்வளவு, திரையில் எந்தெந்த ஜன்னல் திறந்திருந்தது, இவ்வளவும் எழுத வேண்டும். ஒரு வாரத்தில் 14 ‘டப்’ சத்தங்களும் மேலும் 2 மூடல்களும் சேர்ந்தன.

எழுதிப் பார்த்ததும் முதல் தெளிவு கிடைத்தது. இவை ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மூடல் மூன்று முறையும் வந்தது ஓர் அலைவரிசை அனலைசர் பிளக்இன்னின் (பிளக்இன் என்பது ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள்) ஜன்னல் திறந்திருந்தபோது. ‘டப்’ சத்தத்துக்கும் அந்த ஜன்னலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது பெரும்பாலும் இடையிசை முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில்தான் வந்தது. இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் தேடிக்கொண்டிருப்பேன்.

‘டப்’ சத்தத்துக்கு முதல் சந்தேகம், சாம்பிள் எடுக்கும் வேகத்தை நடத்தும் கிளாக் மேல். மைக்கின் ஒலியைப் பெருக்கும் எங்கள் எட்டு சேனல் ப்ரீஆம்ப், ஆப்டிகல் கேபிள் வழியாக, ஒலியைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் இன்டர்ஃபேசுக்கு வருகிறது. இரண்டும் ஒரே கிளாக்கைப் பின்பற்றாமல் தனித்தனியாக ஓடினால் சாம்பிள்கள் விலகும். பத்து லட்சத்துக்குப் பத்து என்ற மிகச் சிறிய வேறுபாடு இருந்தாலும் 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒரு சாம்பிள் பிசகும். ஆனால் அப்படி வருவது கடிகாரம் போல ஒரே இடைவெளியில் வரும். எங்கள் சத்தம் ஒழுங்கில்லாமல் வந்தது. கேபிளையும் சிங்க் அமைப்பையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கிளாக்கை விட்டுவிட்டேன்.

அடுத்தது டிரைவர்கள், கம்ப்யூட்டரின் பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்கள். 128 பஃபர் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 2.67 மில்லிநொடி. அந்த நேரத்துக்குள் கம்ப்யூட்டர் அடுத்த 128 சாம்பிளைத் தயாராக வைத்தே ஆக வேண்டும். சராசரி வேலை 30 சதவீதம்தான் என்பது இங்கே உதவாது. ஒரே ஒரு தடவை தாமதமானால் அந்த ஒரு தடவைதான் ‘டப்’. விண்டோஸில் இதைப் பார்க்க லேட்டன்சிமான் என்ற கருவி இருக்கிறது, எந்த டிரைவர் பிராசசரை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்று காட்டும். பத்து நிமிடம் ஓடவிட்டதில் வைஃபை டிரைவர் பட்டியலின் மேலே நின்றது. ரெக்கார்டிங் மெஷினுக்கு வைஃபை எதற்கு? டிவைஸ் மேனேஜரில் அதை நிறுத்தினேன். பவர் அமைப்பை முழுத் திறனுக்கு மாற்றி, யுஎஸ்பியைத் தூங்கவிடும் அமைப்பையும் அணைத்தேன். 14 இருந்த இடத்தில் அடுத்த வாரம் 9 ஆனது. நல்லதுதான், ஆனால் முக்கியமான காரணம் இன்னும் உள்ளே இருந்தது.

அந்த செஷனில் 64 பிளக்இன்கள் ஓடின. இசையமைப்புக்காகப் போட்ட செஷனையே அப்படியே கொண்டுவந்து அதிலேயே குரலும் பதிவு செய்துகொண்டிருந்தோம். 64-ஐப் பாதி பாதியாக அணைத்துப் பார்த்தால் ஆறு சுற்றில் ஒன்றில் வந்து நிற்க வேண்டும். கணக்கு எளிது. நடைமுறையில் இரண்டு இடத்தில் சிக்கினேன், இரண்டும் மற்றவர்களுக்கும் வரக்கூடியவை.

முதலாவது, எப்போதாவது வரும் பழுதுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது? சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒருமுறை தன்போக்கில் வரும் சத்தம் என்று வைத்துக்கொள்வோம். பாதியை அணைத்துவிட்டு 20 நிமிடம் கேட்டேன், வரவில்லை. சரி, அணைத்த பாதியில்தான் குற்றவாளி என்று முடிவு செய்யலாமா? கூடாது. பழுது அங்கேயே இருந்தும் 20 நிமிடம் வராமல் போக ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் காத்தால் அது 5 சதவீதமாகக் குறையும். அதாவது சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு காத்திருக்க வேண்டும். ஆறு சுற்றுக்கு ஆறு மணி நேரம். அதனால் முதலில் செய்ய வேண்டியது, பழுதை அடிக்கடி வரவைப்பது. பஃபரை 64-க்கு இறக்கினேன். இடையிசையையும் சரணத்தின் முதல் வரியையும் மட்டும் லூப்பில் போட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் ‘டப்’ வந்தது. இனிமேல் ஒரு நிமிடத்தில் ஒரு சோதனை.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. மேல் பாதியை அணைத்தேன், சத்தம் போய்விட்டது. மேல் பாதியைத் திறந்து கீழ் பாதியை அணைத்தேன், அப்போதும் போய்விட்டது! சுமை அதிகமாவதால் வரும் பழுதில் எந்தப் பாதியைக் கழற்றினாலும் சுமை குறையும், சத்தமும் மறையும். ஆகவே சத்தத்தை வைத்துத் தேடுவதை விட்டுவிட்டு மீட்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். டாஸ்க் மேனேஜர் காட்டும் எண்ணை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அது எல்லாக் கோர்களையும் சேர்த்துச் சராசரி போட்டுக் காட்டுகிறது. ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் இருக்கும் ஆடியோ சுமை மீட்டர்தான் வேண்டும்.

அதைப் பார்த்ததும் வியப்பாக இருந்தது. பல்லவியில் கோரஸ், தாளம், நரம்பிசை எல்லாம் சேர்ந்து உச்சத்தில் இருக்கும்போது மீட்டர் 35 சதவீதத்தில் நின்றது. இடையிசையில் பாதி டிராக்குகள் அடங்கிப்போன பிறகு, ஓர் இடத்தில் திடீரென்று 80-க்கு மேல் தாவியது. ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது கம்ப்யூட்டர் திணறுகிறது. சரணம் பாதி போய், கோரஸ் மறுபடி நுழைந்ததும் மீட்டர் பழைய இடத்துக்கு இறங்கியது.

மீட்டரின் அந்தத் தாவலை அடையாளமாக வைத்துப் பாதி பாதியாகப் போனதில் ஆறாவது சுற்றில் அகப்பட்டது கோரஸ் குரல்களுக்குப் போட்டிருந்த ஒரு பழைய ரிவெர்ப், அதாவது அறையின் எதிரொலி போலச் சேர்க்கும் பிளக்இன். ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டேன். கோரஸ் கிளிப் முடிந்த இடத்திலிருந்து மீட்டர் தாவும் வரை 25 நொடி. மறுபடி போட்டேன், 25. ரிவெர்ப்பின் மங்கும் நேரம் 2 நொடி என்று வைத்திருந்தது. அதை 1 நொடியாகக் குறைத்தேன். தாவல் பன்னிரண்டரை நொடியில் வந்தது. 4 நொடியாக ஏற்றினேன். 40 நொடி இடையிசை முழுக்க மீட்டர் அசையவே இல்லை. அந்த மூன்று எண்களை நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோதுதான் விஷயம் பிடிபட்டது. இரண்டு மாதத்தில் முதல் முறையாக அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நடப்பது இதுதான். ரிவெர்ப்பின் வால் மங்கிக்கொண்டே போகும். மங்கும் நேரம் 2 நொடி என்றால் இரண்டு நொடிக்கு 60 டெசிபல், அதாவது நொடிக்கு 30 டெசிபல் இறங்குகிறது. நம் காதுக்கு மூன்று, நான்கு நொடியில் அது முடிந்துவிட்டது. 24 பிட்டின் அடித்தளமே மைனஸ் 144 டெசிபல்தான். ஆனால் பிளக்இன் உள்ளே கணக்குப் போடுவது 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில், அவற்றின் அடித்தளம் அதற்கும் மிகக் கீழே இருக்கிறது. சாதாரண முறையில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண், புள்ளிக்குப் பின் 37 பூஜ்யம் போட்டு அப்புறம் 118 என்று வரும். டெசிபலில் சொன்னால் ஏறத்தாழ மைனஸ் 759. நொடிக்கு 30 என்று இறங்கினால் அங்கே போய்ச் சேர 25 நொடி! 1 நொடி அமைப்பில் அதில் பாதி. 4 நொடி அமைப்பில் 50 நொடி, அதற்குள் இடையிசை முடிந்துவிடும். ஸ்டாப்வாட்ச் சொன்னதும் இதுவே.

அந்த எல்லைக்குக் கீழேயும் எண்கள் உண்டு. அவற்றை டீநார்மல் எண்கள் என்கிறார்கள். பல பிராசசர்கள் அவற்றை வழக்கமான வழியில் கையாளாமல் சுற்றுவழியில் போய்ப் பல மடங்கு நேரம் எடுக்கின்றன. அதிலும் ரிவெர்ப் என்பது தன் வெளியீட்டையே திரும்பத் தன்னுள் சுழலவிடும் அமைப்பு. இருப்பதிலேயே மிகச் சிறிய எண்ணை 0.7-ஆல் பெருக்கினால் விடை அதைவிடச் சிறியதாக வர வேண்டும். அதைவிடச் சிறிய எண் இல்லையே. அருகில் உள்ள எண்ணுக்கு முழுமையாக்கும்போது அதே எண் திரும்ப வந்து நிற்கும். யாருக்கும் கேட்காத அந்த வால் முடியவே முடியாது. கோரஸ் மறுபடி பாடும்வரை பிராசசர் அந்த ஒன்றுமில்லாததை உருட்டிக்கொண்டே இருக்கும். இந்த நேரத்தில் சரணத்தின் முதல் சொல்லை யாராவது பாடினால் அந்தச் சொல்லில் ‘டப்’ விழும்.

பாடகியின் மைக் டிராக்கில் இது வராததற்கும் காரணம் தெளிவானது. மைக்கும் ப்ரீஆம்பும் எப்போதும் கொஞ்சம் இரைச்சலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சல் எண்களைக் கீழே விழாமல் பிடித்து வைக்கிறது. வெட்டிச் சுத்தம் செய்த கோரஸ் கிளிப்புக்குப் பின்னால் இருப்பது முழுப் பூஜ்யம். எடிட்டிங் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு சிக்கல்.

சரிபார்க்க ஒரு சோதனை செய்தேன். ரிவெர்ப்புக்கு முன்னால் இரைச்சல் உண்டாக்கும் ஒரு சின்ன பிளக்இன் போட்டு மைனஸ் 120 டெசிபலில் வைத்தேன். யார் காதுக்கும் எட்டாத அளவு அது. மீட்டர் 35-ஐத் தாண்டவில்லை. எடுத்தேன், 25-வது நொடியில் தாவியது. போட்டேன், நின்றது. ஐந்து முறை இப்படிச் செய்து பார்த்தேன்.

இந்தச் சிக்கல் பல வருடமாகத் தெரிந்த ஒன்று. பிராசசரிலேயே இத்தகைய எண்களைப் பூஜ்யமாக்கிவிடும் ஓர் அமைப்பு உண்டு, ரெக்கார்டிங் மென்பொருள்கள் பொதுவாக அதைப் போட்டுவிட்டுத்தான் பிளக்இன்னை அழைக்கின்றன. ஆனால் அந்த அமைப்பு ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (மென்பொருளுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை வரிசை) தனித்தனி. பிளக்இன் தன் வேலைக்கென்று சொந்தமாக ஒரு த்ரெட்டைத் திறந்துகொண்டால் அங்கே அது போட்டிருக்காது. அந்த ரிவெர்ப்பைத் தயாரித்தவர்களுக்கு ஒரே டிராக், ஒரே கிளிப், ஒரே பிளக்இன் கொண்ட செஷனும் மூன்று ஸ்டாப்வாட்ச் எண்களும் அனுப்பினேன். அவர்கள் இடத்திலும் அதேபோல வந்ததாகவும், தனி த்ரெட்தான் காரணம் என்றும் பதில் எழுதினார்கள். ‘உங்கள் பிளக்இன் சத்தம் போடுகிறது’ என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தப் பதில் கிடைத்திருக்காது. புகார் அனுப்புகிறவர்கள் எல்லோரும் பழுதை இப்படிச் சுருக்கி அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து.

மூடல் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் இவ்வளவு சுவாரசியம் இல்லை. விண்டோஸின் ஈவண்ட் வியூவரில் மூன்று மூடல்களும் பதிவாகியிருந்தன. பழுதான மாட்யூல் என்று இரண்டில் கிராஃபிக்ஸ் டிரைவரின் கோப்பும் ஒன்றில் அனலைசர் பிளக்இன்னும் இருந்தன. அந்தப் பெயரை அப்படியே நம்பக்கூடாது. விழுந்த இடம் வேறு, தள்ளிவிட்ட கை வேறாக இருக்கலாம். சோதித்துப் பார்த்தேன். ஜன்னலை மூடி வைத்து ஆறு மணி நேரம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலைத் திறந்து இரண்டாவது திரைக்கு நகர்த்தி வைத்தேன், 20 நிமிடத்தில் மூடிக்கொண்டது. எங்கள் இரண்டு திரைகளின் எழுத்தளவு அமைப்பும் வெவ்வேறு. பிளக்இன் அமைப்பில் கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டு வரைவதை அணைத்தேன். அதற்குப் பிறகு அந்த மூடல் வரவில்லை. ஆனாலும் பாடுகிறவர் உள்ளே நிற்கும்போது அந்த அனலைசர் ஜன்னலைத் திறப்பதில்லை. அலைவரிசை வரைபடம் மிக்ஸுக்கு உதவும், டேக்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இரண்டு காரணமும் தெரிந்த பிறகு எங்கள் வேலை முறையே மாறிவிட்டது. இப்போது குரல் பதிவுக்குத் தனி செஷன். அதில் ஸ்டீரியோ மைனஸ் டிராக் (குரல் இல்லாத இசை), கிளிக் (தாளம் காட்டும் தட்டல்), மைக் டிராக்குகள், அவ்வளவுதான். பிளக்இன் ஒன்றுகூட இல்லை. பாடுகிறவருக்கு வேண்டிய ரிவெர்ப்பை இன்டர்ஃபேசின் சொந்த மிக்சரிலிருந்து கொடுக்கிறோம். குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்ஃபோனுக்குப் போகிறது. அதனால் பஃபர் 512-ல், அதாவது 10.7 மில்லிநொடியில் இருந்தாலும் அவருக்குத் தாமதம் தெரியாது, மெஷினுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. இத்தனை வருடம் 64-க்கும் 128-க்கும் நடுவில் ஏன் போராடினோம் என்று தோன்றுகிறது. ஒரே ஒரு குறை: சுருதி திருத்தத்தோடு தன் குரலைக் கேட்க விரும்பும் பாடகர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. அவர்களுக்கு மட்டும் அந்த ஒரு பிளக்இன்னோடு 128-ல் ஒரு செஷன் வைத்திருக்கிறோம்.

ப்ரீஆம்பின் அனலாக் வெளியீடுகள் இத்தனை நாள் சும்மா இருந்தன. அவற்றில் இரண்டை ஒரு தனி ரெக்கார்டருக்கு இழுத்தோம். காலையில் தொடங்கினால் இடைவெளி விடும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு சேனலுக்கு மணிக்கு ஒரு ஜிபி சொச்சம், கார்டில் அது ஒரு பொருட்டே இல்லை. அதிலிருந்து ஒரு டேக்கை எடுத்துப் பொருத்தும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அதன் கிளாக் தனி. பத்து லட்சத்துக்குப் பத்து வேறுபாடு என்றாலே ஒரு மணி நேரத்தில் 36 மில்லிநொடி விலகிவிடும். ஆகவே நாளின் தொடக்கத்தில் கைதட்டிப் பொருத்தினால் போதாது. ஒவ்வொரு டேக்குக்கும் முன் ஒரு தட்டல் வேண்டும்.

மெஷின் சுத்தமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு பெரிய பதிவுக்கும் முந்தின நாள் ஒரு சோதனை செய்கிறோம். இன்டர்ஃபேசின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் போட்டு, ஒரு கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை ஒரு மணி நேரம் பதிவு செய்து, அலை எங்காவது அறுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது. இதில் அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. 375 ஹெர்ட்ஸ் வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்குச் சரியாக 128 சாம்பிள். 128 சாம்பிள் கொண்ட ஒரு பஃபர் முழுசாகத் தொலைந்தாலும் இரண்டு முனையும் அழகாக ஒட்டிக்கொள்ளும், பழுது கண்ணுக்கே தெரியாது. 750-ம் 1500-ம் அப்படித்தான். ஒரு கிலோஹெர்ட்ஸில் சுழற்சிக்கு 48 சாம்பிள், அறுந்த இடம் பெரிதாக்கிப் பார்த்தால் உடனே தெரியும்.

அப்டேட் விஷயத்தில் இப்போது கண்டிப்பாக இருக்கிறேன். ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மட்டும், அதுவும் டிஸ்க் முழுவதற்கும் நகல் எடுத்த பிறகு. பதிவு நடக்கும் நாட்களில் நெட் கேபிள் கழற்றி வைக்கப்பட்டிருக்கும். உரிமம் சரிபார்க்க நெட் கேட்கும் பிளக்இன்களை அந்த மெஷினில் வைப்பதில்லை, டாங்கிள் என்ற யுஎஸ்பி சாவியில் உரிமம் இருப்பவை மட்டும் இருக்கின்றன. செஷனை ஒவ்வொரு மணிக்கும் புது எண் போட்டுச் சேமிக்கிறோம்.

அந்தப் பழைய ரிவெர்ப்பை நீக்குவதற்கு முன் அது இருந்த பழைய செஷன்களை எல்லாம் திறந்து, ரிவெர்ப்போடு சேர்த்து வேவ் கோப்புகளாக அச்சிட்டு வைத்தோம். இது எப்போதோ செய்திருக்க வேண்டியது. 2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் செயலிகளை ஓட்டுவதை நிறுத்தியது போல, இன்று ஓடும் பிளக்இன் நாளைய மெஷினில் ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது. அச்சிட்டதைச் சரிபார்க்க, அதன் துருவத்தைத் திருப்பி செஷனோடு சேர்த்து ஓட்டினால் இரண்டும் கழிந்து அமைதி வர வேண்டும். ஈக்யூ, கம்ப்ரசர் போட்ட டிராக்குகள் அப்படியே அடங்கின. ரிவெர்ப் டிராக்குகள் அடங்கவில்லை. உள்ளே அலைவு ஓடும் ரிவெர்ப் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி ஒலிக்கும், அது பழுது இல்லை. அவற்றை உட்கார்ந்து முழுக்கக் காதால் கேட்டோம். பதினோரு செஷன், நான்கு நாள் ஆனது.

பாட்டில் இருப்பது அந்த ஒன்பதாவது டேக்தான். அடுத்த பாட்டுக்கு வந்தபோது பாடகிக்கு அதைப் போட்டுக் காட்டி, ஏழாவதிலிருந்து ஒட்டிய சொல் எது என்று கேட்டேன். இரண்டு முறை கேட்டுவிட்டு ஓர் இடத்தைச் சொன்னார். அது வேறு இடம். ஒட்டிய இடத்தை அலைவடிவத்தில் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "அன்னைக்கு நான் ரெண்டு வார்த்தை கூடப் பாடினேனே, அது எங்க போச்சு?" என்று கேட்டார். அந்த இரண்டு சொல் எங்கும் இல்லை என்றேன். இப்போது தனி ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருப்பதையும் காட்டினேன். அதன் சிவப்பு விளக்கை ஒருமுறை பார்த்துவிட்டு மைக்குக்குப் போனார்.